வலப்பக்கத்து லூயி

காலை ஒன்பது இருபதுக்கு டூகல் ரென்விக் பதினைந்தாம் எண் அறையின் கடைசித் திருகாணியை முறுக்கினான். ஆணித்தலையின் கீறல் மர ரேகையோடு ஒரே போக்கில் நிற்கவில்லை. இன்னும் கால் சுற்று முறுக்கினான். அதன்மேல் பொன்முலாம் பூசிய மரச் சிப்பி ஒன்று வரப்போகிறது. பிறகு அந்த ஆணியை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் முறுக்கினான்.

1907, மார்ச், திங்கட்கிழமை. கப்பலைக் கிளைட் ஆற்றில் இறக்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. இறக்கிய அன்று புட்டி உடைத்துப் பெயரும் வைத்தார்கள். கப்பல் கட்டும் யார்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கட்டத் தொடங்கிய நாளில் அது நானூற்றுப் பன்னிரண்டாம் வேலை. கடலுக்குப் போகும்வரை அது நானூற்றுப் பன்னிரண்டுதான். யார்டில் எல்லாமே எண். டூகல் தினமும் வாசலில் வாங்கிக்கொள்ளும் பித்தளை வில்லையில் அவன் பெயர் இல்லை, 1186 இருந்தது. ஏணிக்கு எண், ஆணிப்பெட்டிக்கு எண், அறைக்கு எண்.

அறை எண்ணுக்கு ஒரு முறை உண்டு. கப்பலின் முன்பக்கம் பார்த்து நின்றால் வலப்புறம் எல்லாம் ஒற்றைப்படை, இடப்புறம் எல்லாம் இரட்டைப்படை. பதினைந்து வலப்புறம். நடைவழிக்கு அந்தண்டை, நேர் எதிரே, பதினாறு. கப்பலிலேயே விலை கூடிய அறைகள் இவை இரண்டும். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கூடம், கூடத்துக்கு முன்னால் ஒரு படுக்கையறை, பின்னால் ஒரு படுக்கையறை. டூகலும் அவன் கீழிருந்த பன்னிரண்டு தச்சர்களும் பதினான்கு வாரமாக இந்த இரண்டிலும்தான் இருந்தார்கள்.

டூகலுக்கு நாற்பத்தொன்பது வயது. யார்டில் முப்பத்தொரு வருடம், இருபத்திரண்டு கப்பல், எல்லாவற்றிலும் முதல் வகுப்பு அறைகள். அவன் செய்த கட்டிலில் பிரபுக்கள் தூங்கியபடி அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறார்கள். அவன் கடந்தது ரோத்ஸேவரைக்கும்தான். வருடா வருடம் ஜூலை விடுமுறையில், ஊரோடு ஊராக, நீராவிப் படகில், மனைவி ஜெஸ்ஸும் அவித்த முட்டையுமாகப் போய் வருவான். அது ஆற்றின் வாய். அதைக் கடல் என்று சொல்ல அவனுக்கே கூச்சம்.

புதுக் கப்பலின் முதல் பயணத்தில் யார்டிலிருந்து எட்டுப் பேர் கூடப் போவார்கள். கேரண்டி ஆட்கள் என்று பெயர். வழியில் எது உடைந்தாலும், எது கசிந்தாலும் சரிசெய்வது அவர்கள் பாடு. இயந்திரத்துக்கு நாலு பேர், குழாய்க்கு, மின்சாரத்துக்கு என்று போக, தச்சனுக்கு ஒரே இடம். இந்தத் தடவை அது டூகலுக்கோ, சாப்பாட்டுக் கூடம் செய்த மக்ஃபெட்ரிட்ஜுக்கோ கிடைக்க வேண்டும். உள்வேலைக்கு மேனேஜரான லாரிமர் வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுவார். தனக்கு அதில் ஆசை என்று டூகல் ஒருவரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நியூயார்க்கைப் பார்க்கும் ஆசை இல்லை அது. நிற்கிற கப்பலில் பலகை பேசாது. அலையில் கப்பல் முறுக்கிக்கொள்ளும்போதுதான் பேசும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்று டூகலுக்கு அவன் மேஸ்திரி சொன்னார். மேஸ்திரிக்கு அவருடைய மேஸ்திரி சொன்னார். மூவரில் ஒருவரும் கடலில் போய்க் கேட்டதில்லை. தன் சுவர் முனகுமா, கத்துமா, வாயை மூடிக்கொண்டு இருக்குமா என்று ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

டீனி மக்கெல்லர் உள்ளே வந்து, கதவோரப் பலகையைச் சாய்வாகப் பார்த்தாள். பாலிஷ் போடும் பெண்கள் இருபத்தாறு பேருக்கு அவள் தலைவி. ஜெஸ்ஸின் தங்கை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டு, வட்டம் வட்டமாக ஒரு பலகையை நூறு தடவை தேய்க்கும் வேலை அது. மரத்துக்குள் விளக்கு ஏற்றியது மாதிரி ஆகும்வரை விடமாட்டாள்.

"இது யார் விரல்?" என்றாள்.

"என்னுதா இருக்காது."

"உன்னுதுதான். ஆள்காட்டி விரல்ல வெட்டுக்காயம் இருக்கு பாரு, அதோட அச்சு. அக்காகிட்ட சொல்லி உன் கையை வீட்டிலேயே வெச்சுட்டு வரச் சொல்றேன்."

துடைத்தாள். அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் லண்டனிலிருந்து பெவெரில் வந்தார்.

பழைய கப்பல்களுக்கெல்லாம் யார்டின் ஆட்களே படம் போட்டுவிடுவார்கள். கருவாலி மரம், தூணுக்குத் தூண் சிங்கமுகம், வேலை முடிந்தது. இந்தத் தடவை கப்பல் கம்பெனி லண்டனில் ஓர் அலங்கார நிறுவனத்தைப் பிடித்தது. பலகைகளை அங்கேயே செதுக்கி, பெட்டி பெட்டியாக ரயிலில் அனுப்பினார்கள். டிசம்பரில் வந்து இறங்கின. ஒவ்வொரு பெட்டியின்மேலும் கறுப்பு மையில் எல் என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ரோமன் எண். சிலவற்றில் பதினைந்து, சிலவற்றில் பதினாறு. ரோமன் எண் டூகலுக்குத் தெரியும். தேவாலயக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. எல் என்றால் லண்டன். பதினைந்தைப் பதினைந்தாம் அறையிலும் பதினாறைப் பதினாறாம் அறையிலும் இறக்கச் சொன்னான்.

எது எங்கே என்று காட்டும் படம் வேண்டும் என்று லாரிமரிடம் அப்போதே கேட்டான். பெட்டியிலேயே எண் இருக்கும்போது படம் எதற்கு, பசைக் கையால் பாழாக்கவா என்று லாரிமர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

மாட்டத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. கப்பலின் தளம் தட்டையானது இல்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் ஏறி, ஓரத்துக்கு இறங்கும். பலகையின் அடியையும் அந்தச் சரிவுக்கு ஏற்றபடி வெட்டியிருக்க வேண்டும். முன்சுவர் என்று குறித்திருந்த பலகையை முன்சுவரில் வைத்தால் அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒரு நாள் பூராவும் பார்த்தான். மறுநாள் காலை அதே பலகையைப் பின்சுவரில் வைத்துப் பார்த்தான். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. எல்லாவற்றையும் முன்பின்னாகத் திருப்பினான். இரண்டு அறையும் பொருந்தின.

அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் டூகல் அதைச் சொன்னான். லண்டன்காரனுக்குக் கப்பலின் மூஞ்சி எது, முதுகு எது என்று தெரியவில்லை. குறியை மாற்றிப் போட்டிருக்கிறான். மறுநாளே கொதிகலன் ஆட்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். குதிரையைக் கொடுத்தால் வாலில் கடிவாளம் மாட்டுவான் என்று யாரோ சேர்த்தார்கள். மூன்றே வாரத்தில் டிராமில் போகிறவர்களெல்லாம் அந்த லண்டன் கதையைச் சொன்னார்கள். முப்பத்தொரு வருடத்தில் டூகல் சொன்ன எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அந்த லண்டன்காரர்தான் இப்போது வாசலில் நின்றார். பெவெரிலுக்கு இருபத்தாறு வயதிருக்கும். நல்ல கோட்டு, ரயிலில் கசங்கியிருந்தது. பலகைகளில் குறி போட்டது அவர் கை. உள்ளே வரவில்லை. சுவரைப் பார்த்தார். கொடிபோலச் சுருண்ட ஓரங்கள், சிப்பிகள், நேர்க்கோடே இல்லாத கதவு. டூகல் பெருந்தன்மையாகப் பேசினான். குறிகள் முன்பின் மாறியிருந்ததையும், அதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியதையும் சொன்னான். யாருக்கும் வரக்கூடிய தவறுதான், லாரிமரிடம்கூடச் சொல்லவில்லை என்றான். டீனி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெவெரில் எல்லாவற்றையும் கேட்டார்.

"இது கப்பலோட எந்தப் பக்கம்?"

"வலதுங்க. ஒற்றைப்படை."

"ஒற்றைப்படைன்னா?"

"பதினஞ்சு. உங்க பெட்டி மேலயே போட்டிருந்துதே."

பெவெரில் தொப்பியைக் கழற்றினார்.

"அது அறையோட நம்பர் இல்ல, ரென்விக். ராஜாவோட நம்பர்."

எல் என்றால் லூயி. பிரான்ஸ் ராஜா. பதினைந்தாம் லூயி காலத்து பாணியில் எல்லாம் வளையும், சுருளும். அது இடப்பக்கத்து அறைக்கு. பதினாறாம் லூயி காலத்தில் எல்லாம் நேர்க்கோடு. அது வலப்பக்கத்து அறைக்கு, இந்த அறைக்கு. லண்டனில் படம் போட்டபோது அறைகளுக்கு எண்ணே வரவில்லை. குறிகளில் தவறு இல்லை. அந்தந்தப் பக்கத்தில் வைத்திருந்தால் முன்சுவர் முன்சுவரிலேயே உட்கார்ந்திருக்கும்.

டூகல் எதிர் அறைக் கதவைப் பார்த்தான். பிறகு தன் சுவரைப் பார்த்தான். சுவர் அழகாகத்தான் இருந்தது.

"பதினாறுன்னா, தலையை வெட்டினாங்களே, அந்த ராஜாவா?" என்றாள் டீனி.

"ஆமாம்."

"அதான் எல்லாம் நேரா வெட்டியிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து அவளே சிரித்தாள்.

பெவெரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மீதியையும் சொன்னார். பதினைந்தாம் அறைக்கு வரப்போவது கம்பெனித் தலைவரின் மனைவி, ஹால்டன் சீமாட்டி. நேர்க்கோட்டு பாணியை அந்த அம்மாளே தேர்ந்தெடுத்தாள். வேறொரு கப்பலில் ஆறு நாள் சுருள் சுருளான சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்து, குமட்டிக் குமட்டிப் பாதியாகக் கரையிறங்கினாளாம். இனி என் கண்ணெதிரே ஒரு வளைவுகூட இருக்கக்கூடாது என்று எழுதியிருந்தாள். பதினாறாம் அறை சிகாகோவில் மாட்டிறைச்சி வியாபாரம் செய்யும் ஒருவருக்கு. அவர் கேட்டதெல்லாம் தங்கம் நிறைய இருக்க வேண்டும் என்பதுதான். சீமாட்டி வியாழக்கிழமை அறையைப் பார்க்க வருகிறாள்.

மூவரும் யோசித்தார்கள். கழற்றி மாற்ற ஐந்து வாரம் ஆகும். கப்பல் புறப்பட இருந்தது பத்தொன்பது நாள். தவிர, பாலிஷ் ஏறிய பலகையில் உளி படுவதற்கு முன் அந்த உளியைத் தன் பெண்கள் கிளைடில் போட்டுவிடுவார்கள் என்றாள் டீனி. கதவில் எண்ணை மட்டும் மாற்றினால் என்ன என்று பெவெரில் கேட்டார். டூகலே கூடாது என்றான். புகையிலும் இருட்டிலும் சிப்பந்தி எண்ணைத் தடவித்தான் பக்கத்தைத் தெரிந்துகொள்வான். வலப்பக்கம் இரட்டைப்படை இருந்தால் எந்தக் கேப்டனும் கப்பலை எடுக்கமாட்டார்.

"சீட்டை மாத்திட்டா முடிஞ்சுதே. அவங்க பதினாறு, இவர் பதினஞ்சு" என்றாள் டீனி.

மாற்றலாம். மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அங்கேதான் இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். பெவெரிலுக்குப் பிப்ரவரியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. டூகலுக்கு வெள்ளிக்கிழமை பட்டியல்.

கடைசியில் பெவெரில் ஒரு வழி சொன்னார். வளைவுதான் கப்பலுக்குப் பாதுகாப்பு, ஆட்டத்தில் விழுந்தால் முனை இடிக்காது, அதனால் யார்டின் யோசனைப்படி மாற்றினோம் என்று சீமாட்டியிடம் சொல்லிவிடலாம். தான் சொன்னால் நம்பமாட்டாள். முப்பத்தொரு வருட அனுபவஸ்தர் பக்கத்தில் நின்று ஆமாம் என்றால் போதும்.

டூகல் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றான். அன்று சாயங்காலம் ஜெஸ் கேட்டதற்கும் அதையே சொன்னான். தங்கை மூலம் அவளுக்கு எல்லாம் மதியமே தெரிந்திருந்தது.

"கேட்டா மட்டும் சொல்லு. கேக்கலைன்னா வாயைத் திறக்காதே. பொய்யாகாது" என்றாள் ஜெஸ்.

செவ்வாய்க்கிழமை ரிவெட் அடிக்கும் ஆட்கள் மூன்று பேர், லண்டன் கதையை அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஏணி ஏறி வந்தார்கள். சொன்னான். முன்பைவிடச் சுருக்கமாகச் சொன்னான். முன்பைவிட அதிகமாகச் சிரித்தார்கள். புதன்கிழமை மேஸ்திரிகள் அறையில் யாரோ அதை மறுபடி சொன்னபோது டூகல் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவன் போனது சாப்பாட்டுக் கூடத்துக்கு. மக்ஃபெட்ரிட்ஜ் அங்கே முந்நூற்று நாற்பது நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான். நூற்றுத் தொண்ணூறாவதில் இருந்தான். ஒன்றாவது ஆடுகிறதா என்று டூகல் கேட்டான். இதுவரை இல்லை என்றான் மக்ஃபெட்ரிட்ஜ். பட்டியலில் உன் பெயர்தான் வரும் போலிருக்கிறது என்றும் அவனாகவே சொன்னான். அவ்வளவு நல்லவனாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை மழை. ஹால்டன் சீமாட்டி காலணிக்கு மேல் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, மரப்பாலத்தில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தாள். அறுபது வயதிருக்கும். சிறிய உடம்பு. நனைந்த குடையை எங்கே வைப்பது என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. பின்னால் லாரிமர், பெவெரில். டூகல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். டீனி துணிப்பந்தோடு மூலையில் ஏதோ தேய்ப்பதுபோல நின்றாள். தேய்க்க அங்கே ஒன்றும் இல்லை.

சீமாட்டி இரண்டடி உள்ளே வந்தாள். நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பெவெரில் பேசினார். பாதுகாப்பு, முனை, ஆட்டம். நன்றாகவே பேசினார். சீமாட்டி அவரைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வேறு இடம் தேடி, டூகலைப் பார்த்தாள்.

"இதைச் செஞ்சது நீங்களா?"

"ஆமாம்மா."

"இந்த வளைவெல்லாம் அலையில எப்படி இருக்கும்?"

முனை இடிக்காது என்று சொல்ல வேண்டிய இடம் அது. பெவெரில் இருமினார்.

"தெரியாதும்மா."

"எத்தனை கப்பல் செஞ்சிருக்கீங்க?"

"இது இருபத்திரண்டாவது."

"அதுல எத்தனைல போயிருக்கீங்க?"

"ஒண்ணுலயும் இல்லம்மா."

சீமாட்டிக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. சமையல்காரன் சாப்பிட்டதே இல்லை என்று சொன்ன மாதிரி அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். கப்பல் கரையோடு கட்டியிருந்தது, ஆற்றில் ஒரு சிற்றலை கூட இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டாள். கைவிரல்கள் நாற்காலிக் கையில் செதுக்கிய சிப்பியின்மேல் பட்டதும் விலகின. ஆறு நாள் என்று டூகல் நினைத்தான். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஜெஸ் சொன்னபடி இனி வாயைத் திறக்க வேண்டியதில்லை.

"அம்மா, இது உங்க அறை இல்ல" என்றான்.

சொல்லத் தொடங்கிய பிறகு எதை விடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். ராஜா எண்ணை அறை எண் என்று நினைத்ததை, பொருந்தாத பலகைகளைத் திருப்பியதை, லண்டன்காரனைப் பற்றிக் கதை கட்டியதை. மூஞ்சி, முதுகு, வாலில் கடிவாளம் உட்பட. கடைசிப் பகுதியை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அது இல்லாமல் பாதி உண்மைதான். பெவெரில் காதுவரை சிவந்தார். பிறகு, இந்தப் பக்கம் இந்த அறை என்று பெட்டிகளில் எழுதாதது தன் தவறு என்றார். படம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. லாரிமர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையிலும் சுருள்கள்தான்.

சீமாட்டி எழுந்து நடைவழியைக் கடந்து பதினாறுக்குள் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். மஹாகனிச் சட்டங்கள் நிமிர்ந்து நின்றன. நூல் பிடித்த மாதிரிக் கோடுகள். அவள் ஓர் இழுப்பறையை இழுத்தாள், ஒரு விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் போய் மூடிக்கொண்டது. சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அவள் கையை எடுப்பதற்காக டீனி துணிப்பந்தோடு காத்திருந்தாள்.

"எனக்கு எண் எதுவா இருந்தா என்ன? ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருந்தா ஆகியிருக்குமே" என்றாள் சீமாட்டி.

சிகாகோக்காரருக்குப் பதினைந்தில் தங்கம் இன்னும் கூடுதலாகவே கிடைக்கும், அவர் குறைசொல்ல வழியில்லை என்றாள். குடையை எங்கே வைப்பது என்று மறுபடியும் கேட்டாள். அந்தக் கடிவாளத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, கேட்டுச் சிரித்துவிட்டு, ஈரத் தடம் பதிய இறங்கிப் போனாள்.

லாரிமர் பின்தங்கி, நாளைக்கு ஆபீசுக்கு வா என்று மட்டும் டூகலிடம் சொன்னார்.

அன்று இரவு ஜெஸ் உருளைக்கிழங்கை அவித்து, கேட்காமலே இரண்டாம் தடவை பரிமாறினாள். போய்வருவதற்கென்று எடுத்து வைத்திருந்த கம்பளிச் சட்டையை அவன் பெட்டியிலேயே திருப்பி வைக்கச் சொன்னான். அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சங்கு ஊதியதும் அவன் அறிவிப்புப் பலகைப் பக்கம் போகாமல், சுற்றி வளைத்து ஆபீசுக்குப் போனான். லாரிமர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. எந்த லூயி எந்தப் பக்கம் என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். லாரிமர் மறுபடி மடித்து, உள்ளே வைத்து, இழுப்பறையை மூடினார்.

"மக்ஃபெட்ரிட்ஜ் வேலையை நேத்து பூரா பார்த்தேன். ஒரு குறை இல்ல."

"அவன் நல்ல வேலைக்காரன்தாங்க."

"கேரண்டிக்குப் போறவன் எதுக்குப் போறான்?"

"ஏதாவது கோளாறு வந்தா பார்க்கறதுக்கு."

"நாற்காலி ஒண்ணுகூட ஆடல. அவன் போய் ஆறு நாள் என்ன பண்ணுவான், சூப் குடிப்பானா?"

லாரிமர் நாற்காலியில் சாய்ந்தார்.

"உன் அறை ரெண்டும் முன்பின்னா திரும்பி நிக்குது. இப்படி ஒரு அறையை நான் கடலுக்கு அனுப்பினதே இல்ல. அலையில என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மாட்டினவன் நீ. நீயே கூடப் போ."

வெளியே வந்தபோது டூகலுக்கு எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று ஒரு கணம் தெரியவில்லை. அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். எட்டாவது வரியில் 1186 இருந்தது. மக்ஃபெட்ரிட்ஜ் அதை ஏற்கெனவே படித்துவிட்டு, காரணத்தையும் விசாரித்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"இது தெரிஞ்சிருந்தா நாலு நாற்காலியைக் குட்டைக்கால் வெச்சுச் செஞ்சிருப்பேன்" என்றான். கை கொடுத்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, டூகல் நியூயார்க் போய்ச் சேர்ந்தால் அதைப் பாஸ்டன் என்று நினைத்துத் திரும்பி வந்துவிடுவான் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லண்டன் கதைக்கு ஆயுள் முடிந்து, டூகல் கதை அந்த இடத்திலேயே பிறந்தது. சாயங்காலத்துக்குள் டிராமில் ஏறிவிடும். டூகலும் சிரித்தான்.

பதினைந்தாம் அறையில் டீனி தனியாக இருந்தாள். ஜன்னலோரப் பலகைக்குக் கடைசித் தடவையாகப் பாலிஷ் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான். அவள் கை வட்டம் போடுவதை நிறுத்தவில்லை. கடைசித் தடவையில் பந்து நின்றால் அந்த இடத்தில் வடு விழுந்துவிடும்.

ஓரம் வந்து பந்தை எடுத்த பிறகுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அக்காவிடம் சொன்னாயா என்றாள். இன்னும் இல்லை, முதலில் உன்னிடம்தான் என்றான். அப்படியானால் அக்கா இரண்டு பேரையும் கொல்லுவாள் என்றாள். கேரண்டி ஆட்களுக்குப் படுக்கை எங்கே என்று கேட்டாள். கீழே, மூன்றாம் தளத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்றான் டூகல். அங்கே பலகை உண்டா என்றாள். இல்லை, இரும்புதான், வெள்ளை பெயின்ட் அடித்திருக்கும் என்றான். அதனால் என்ன, அலை பெரிதாகும்போது மாடி ஏறி இங்கே வந்து, இதோ இந்த மூலையில் காதை வைத்துக் கேட்கப்போகிறேன் என்று சொல்லி, மூலைக்குப் போய்க் காட்டியும் காட்டினான். காது பட்ட இடத்தை அவள் உடனே துடைத்தாள்.

"கேளு, நல்லா கேளு" என்றாள். "ஆனா அந்நேரம் அந்தச் சிகாகோக்காரர் இங்க தூங்கிட்டு இருப்பாரே. கதவைத் தட்டி அவர்கிட்ட என்னன்னு சொல்வே?"